நோட்டீஸின் அடியில் இருந்த பெயர்

தேவானையைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். நல்லவள் என்று சொன்னாலும் போவேன். பதினேழு வருடம் ஒரே கூரைக்குக் கீழே அவளோடு வேலை பார்த்தவன் நான். எங்கள் அச்சகத்தில் நடந்த காரியத்தில் அவளுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு. யாருடையது பெரிய பங்கு என்று படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

என் பெயர் குலாம் ரசூல். மயிலாப்பூர் கச்சேரி சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் சின்ன ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். பின்னறையில் மெஷினும் நானும். முன்னறையில் கம்ப்யூட்டரும் தேவானையும். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கும்பாபிஷேக நோட்டீஸ், இவைதான் எங்கள் பிழைப்பு. அவள் அடிப்பாள், நான் அச்சிடுவேன்.

தேவானை அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். சைதாப்பேட்டையில் தட்டச்சு படித்து லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தாள். மகள் நிலாவுக்கு நான்கு வயதாகும்போது புருஷன் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையைக் காலி செய்து, அவர்களைப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். லிஃப்ட் ஓடினால் அதிசயம். எட்டு மாடி இறங்கி, இரண்டு பஸ் மாறி, ஒன்பதரைக்கு என் கடை ஷட்டரைத் தூக்குவது அவள்தான். நான் பத்து மணிக்கு வருவேன், முதலாளி என்ற திமிரில்.

அவளுடைய வேலைமுறை டிடிபி செய்கிற எல்லோருடைய வேலைமுறையும்தான். எதையும் புதிதாகத் தொடங்கமாட்டாள். அதே அளவில் முன்பு செய்த பழைய ஃபைலைத் திறப்பாள், பழைய மேட்டரை அழித்துவிட்டுப் புதியதை அடிப்பாள், வேறு பெயரில் சேமிப்பாள். கட்டம், ஓரப்பூ, எழுத்தளவு எல்லாம் தயாராக இருக்கும், பாதி நேரம் மிச்சம். ஒரு தடவை ஒரு கல்யாணப் பத்திரிகையில் போன மாதத்துப் பெண்ணின் தாய்மாமன் பெயர் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி முந்நூறு அடித்துக் கொடுத்தோம். "அந்த மாமன பந்தில தேடிக்கினு இருந்திருப்பாங்க பாய்," என்று வருடக்கணக்கில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கே நான் அவளைத் திட்டியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் எங்கள் முன்னறையில் இரண்டு பேர் சண்டை போடுவார்கள். ஒருவர் சந்திரமௌலி. புள்ளியியல் துறையில் ஓய்வு பெற்றவர், எழுபத்து நான்கு வயது, மனைவி இல்லை, மகன் பெங்களூரில். நாடு பிரியக்கூடாது, பிரிந்தால் பிழைக்க முடியாது என்று தன் செலவில் நோட்டீஸ் எழுதி, காலையில் பூங்காவில் நடக்கிறவர்களுக்குக் கொடுப்பார். அவர்கள் அதை வாங்கி அடுத்த குப்பைத்தொட்டி வரைக்கும் மரியாதையாகக் கையில் வைத்திருப்பார்கள். இன்னொருவன் புகழேந்தி, முப்பத்தைந்து வயது, தி. நகரில் ஒரு டியூட்டோரியலில் தமிழ் வாத்தியார். பேசும்போதும் புத்தகத் தமிழ்தான். அவன் ஓர் அமைப்பில் இருந்தான். தமிழ்நாடு தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் கட்சி. இரண்டு கட்சிக்கும் நோட்டீஸ் அடித்தது நாங்கள்.

"நாம் ஒரு ரூபாய் வரி கொடுக்கிறோம் ஐயா. திரும்பி வருவது முப்பது காசுகூட இல்லை. சம்பாதித்துப் போடுகிற பிள்ளைக்குச் சோறு போடாத வீட்டில் அவன் எதற்காக இருக்க வேண்டும்?" என்பான் புகழேந்தி.

"கணக்குன்னா முழுசாச் சொல்லணும். ராணுவம், ரயிலு, துறைமுகம் எல்லாம் எந்தக் காசுல ஓடறது? சரி, நாளைக்கே தனியாப் போயாச்சுன்னு வெச்சுக்கோ. நோட்டு யார் அடிப்பா? நம்ம ரசூலா?"

"சிங்கப்பூர் அடிக்கவில்லையா?"

"சிங்கப்பூர் தானாப் போகலைடாப்பா, அதை வெளில தள்ளினா. ஒசூர்ல பண்ற ஸ்கூட்டரை யார்கிட்ட விப்பே? பாதி வடக்கேதானே போறது? எல்லைல நிறுத்தி அவன் வரி போட்டா? எண்ணூர்ல எரிக்கற நிலக்கரி ஒடிசாலேர்ந்து வரது. காவிரிக்கு இன்னிக்கு ஒரு கோர்ட் இருக்கு. ரெண்டு நாடு ஆயிடுத்துன்னா யார்கிட்டப் போய் அழுவே?"

"அந்த நீதிமன்றம் சொன்னதை யார் கேட்டார்கள்? குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த பாவத்துக்கு நம் எம்.பி. தொகுதிகளைக் குறைக்கப் பார்க்கிறார்கள். கணக்கு எழுதுகிறவனே எதிரியாக இருக்கும்போது கணக்குப் பார்த்து என்ன செய்வது? சோற்றுக்கு முன்னால் மானம் ஐயா."

"மானம்! பேரனைப் பாக்க பெங்களூருக்கு நான் விசா எடுத்துண்டு போணும். அதான் உன் மானம்."

ஒரு சனிக்கிழமை தேவானை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "வாத்தியாரே, சாரு, நான் ஒண்ணு கேக்கட்டா? எங்கள ஆத்தங்கரைலேர்ந்து தூக்கிக்கினு போய்ப் பெரும்பாக்கத்துல போட்டாங்களே, அத்த டெல்லிக்காரனா செஞ்சான்? இங்க கீறவன்தான் செஞ்சான். கொடி மாறுனா லிஃப்டு ஓடுமா? அத்தச் சொல்லு மொதல்ல."

"அது வேறம்மா," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். எனக்குத் தெரிந்து அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

நான் வாயே திறக்கமாட்டேன். புது நாடு பிறந்தாலும் சரி, பழைய நாடு பழையபடியே இருந்தாலும் சரி, வாசலில் நிறுத்தி முதலில் அடையாள அட்டை கேட்பது என் மாதிரிப் பெயர் உள்ளவனிடம்தான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சண்டை முடிந்ததும் புகழேந்தி கிழவரின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்துவிட்டுத்தான் தன் பைக்கை எடுப்பான்.

போன ஆகஸ்ட் முதல் வாரம் புகழேந்தி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். 'விடுதலை யாருக்கு?' என்று தலைப்பு. சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் மாம்பலம் ரயில் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும், இரண்டாயிரம் பிரதி. வழக்கமாக 'கூடுதல் அதிகாரம்' என்று முடிப்பவன் இந்தத் தடவை 'தனிநாடே தீர்வு' என்று முடித்திருந்தான். 

"இது வேலில போற ஓணானை எடுத்து வேட்டில விட்டுக்கிற கதை புகழேந்தி. எனக்கு வேணாம்பா."

"உங்களுக்கு ஒன்றும் வராது பாய். அச்சகத்தின் பெயரை எடுத்துவிடுங்கள். என் பெயரும் கைபேசி எண்ணும் கீழே இருக்கட்டும். நான் ஒளியப் போவதில்லை."

எங்கள் நோட்டீஸ்களின் அடியில் மூன்று வரி இருக்கும். முதலில் வெளியிடுகிறவர் பெயரும் விலாசமும். அதற்கடுத்து அச்சகத்தின் பெயர். கடைசியில் 'ஒளியச்சு: தேவானை' என்று மிகச் சின்ன எழுத்தில். அவளுடைய பெயர் அச்சில் வருகிற ஒரே இடம் அது. "நம்ம ரெண்டு வரியையும் எடுத்துடு தேவானை, மறந்துடாதே," என்று நான் நான்கு தடவை சொன்னேன்.

அவள் மறக்கவில்லை. சந்திரமௌலியின் ஜூலை மாத நோட்டீஸும் அதே அளவு, பக்கத்துக்கு அதே இரண்டு பத்தி. அந்த ஃபைலைத் திறந்தாள், மேட்டரை அழித்தாள், புகழேந்தியுடையதை அடித்தாள். அடிக்கு வந்து அச்சக வரியை எடுத்தாள். தன் பெயரை எடுத்தாள். அதற்கு மேல், புகழேந்தியின் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்த வரியை அவள் பார்க்கவில்லை. புரூஃப் பார்த்த புகழேந்தி தன் எழுத்தின் அழகைப் பார்த்தான். நான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு என் பெயர் இல்லை என்பதைப் பார்த்தேன். மூன்று பேர் பார்த்தும் இரண்டாயிரம் பிரதியின் அடியில் 'வெளியீடு: வெ. சந்திரமௌலி' என்று விலாசத்தோடு நின்றது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அதை நானே என் மெஷினில் ஓட்டினேன்.

சந்திரமௌலி தன் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். பதினைந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு, கொடிக்கயிற்றை அவர் கையில் பிடித்திருந்தபோது போலீஸ் வந்தது. கொடியை ஏற்றி முடிக்கும்வரை காத்திருந்து, அவர்களும் சல்யூட் அடித்துவிட்டு, அழைத்துக்கொண்டு போனார்கள்.

அன்று மாலை விட்டார்கள். மறுநாள் வரச்சொல்லி, அதற்கு மறுநாளும் வரச்சொல்லி, மூன்று நாள் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரே கேள்விதான்: பேர் உங்களுடையது, விலாசம் உங்களுடையது, எங்கே அடித்தீர்கள்? ஓர் ஏட்டு எங்கள் சந்துக்கும் வந்து நோட்டீஸைக் காட்டினார். "நாங்க கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவங்க சார்," என்றேன். தேவானை திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

இந்த இடத்தில் நிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் எட்டு மாடியை ஏறி இறங்கியே ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்து, இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் தேறியிருந்தாள். போலீஸ் வேலை. நன்னடத்தை விசாரணை மட்டும் பாக்கி. பெரும்பாக்கம் என்ற விலாசத்தைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார்கள். அதோடு தாய் பெயரில் தேசத்துரோக விசாரணை என்றால் அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மாலை சந்திரமௌலியே எங்கள் கடைக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். தேவானை எழுந்து நின்றாள். "சார், தப்பு என்னுது சார்."

"தெரியும். தலைப்புக்குக் கீழே அந்த மூணு நட்சத்திரம் எனக்கு மட்டுந்தானே போடுவே. ஸ்டேஷன்ல பாத்த ஒடனே தெரிஞ்சுடுத்து."

"சொல்லிட்டீங்களா சார்?" என்றேன் நான். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"சொல்லலை. எங்காத்துல என் நோட்டீஸ் பத்து வருஷத்துது கட்டுக்கட்டா இருந்தது. பிரியக்கூடாதுன்னு எழுதினதெல்லாம். அதைக் காட்டினா அன்னிக்கோட என்னை விட்டுருப்பா. ஆனா ஒவ்வொண்ணுக்கும் அடில உன் அச்சகம் பேரும் இவ பேரும் இருக்கே. சோதனைக்கு வரேன்னா. முதல் நாள் ராத்திரியே பக்கெட் தண்ணில ஊறவெச்சுக் கரைச்சுட்டேன்."

 அந்த மனிதருடைய பத்து வருடம் கூழாகப் போயிருந்தது. தேவானை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"அழாதே. நிலாவுக்கு விசாரணை என்னிக்கு?"

"வர்ற வாரம் சார்."

"அது முடியட்டும். அப்புறம் நீயே ஸ்டேஷனுக்கு வந்து, பழைய ஃபைல்ல விட்டுப்போச்சுன்னு சொல்லிடு. எழுதினது யார்னு புகழேந்தி சொல்லிக்கட்டும், அது அவன் மானம். அதுவரைக்கும் தாங்குவேன்." பையிலிருந்து கையெழுத்துத் தாள்களை எடுத்து அவளிடம் கொடுத்தார். 'விடுதலை யாருக்கு?' நோட்டீஸுக்கு அவர் எழுதிய மறுப்பு, பதினாறு பக்கம். "என் பேர்ல வந்ததுக்கு நானே மறுப்பு. வேடிக்கைதான். அடிச்சு வை. நீ சொன்னதுக்கு அடுத்த நாள் இதைக் குடுக்கணும்."

அவள் இரண்டே நாளில் அடித்து முடித்தாள். புதிய ஃபைலில், முதல் எழுத்திலிருந்து. அப்படி அவள் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

விசாரணை நல்லபடியாக முடிந்தது. "ஆர்டர் கையில வரட்டும் பாய்," என்றாள். ஆர்டர் வந்தது. "டிரெய்னிங்ல சேரட்டும் பாய், ஒரு நாலு வாரம்தான்." நான் சரி என்றேன். அவசரமே இல்லாமல் சரி என்றேன். அவள் போய்ச் சொன்னால் அடுத்த கேள்வி மெஷின் யாருடையது என்பதுதான். அவள் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் எனக்கு இரவு தூக்கம் வந்தது.

புகழேந்தி ஒரு வாரம் போனை அணைத்து வைத்திருந்தான். பிறகு வந்தான். "நானே போய்ச் சொல்லத்தான் கிளம்பினேன் பாய். அமைப்பில் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள்." நாட்டையே தனியாக நிறுத்தப் போகிறவன், நான்கு தெரு தள்ளியிருக்கிற ஸ்டேஷனுக்குத் தனியாகப் போக முடியவில்லை.

சந்திரமௌலியைச் சங்கத்திலிருந்து எடுத்தார்கள். குடியிருப்பு வாட்ஸப் குழுவில் அவருக்குப் பிரிவினைவாதி என்று பெயர். பூங்காவில் கூட நடந்தவர்கள் அவரைக் கண்டால் வேகமாக நடந்தார்கள். ஒரு சனிக்கிழமை வந்தவர், சண்டை போட ஆள் இல்லாததால் சும்மா உட்கார்ந்திருந்தார். "பெங்களூர்லேர்ந்து பிள்ளை போன் பண்ணினான். 'ஏம்ப்பா இப்படி எழுதினே'ங்கறான். பெத்த பிள்ளையே எழுதினதா நினைச்சுண்டு இருக்கான் ரசூல்." தேவானையிடம் எதுவும் கேட்கவில்லை. என்றைக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒருவேளை அவள் போயிருப்பாள்.

செப்டம்பர் கடைசியில் நிலா பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். தேவானை லீவு போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய் விட்டுவந்தாள். சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். "முடியக்கூட வெட்டிட்டாங்க பாய், ஆளே மாறிட்டுது. நாளிக்கு ஸ்டேஷனுக்குப் போறேன்." மறுநாள் காலை சந்திரமௌலிக்கும் ஸ்டேஷனில் வரச்சொல்லி ஆறாவது தடவையாக ஆள் வந்திருந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டவர் செருப்பு மாட்டக் குனிந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். விஷயம் வந்தபோது தேவானை கடையில்தான் இருந்தாள். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கடைக்கு வந்தாளா, கடைக்கே வந்தாளா என்று நான் கேட்கவில்லை. அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் புகழேந்தி ஒரு தாளோடு வந்தான். போஸ்டருக்கு மேட்டர். 'தாயக விடுதலைக்கு உயிர் ஈந்த ஐயா சந்திரமௌலி அவர்களுக்கு வீரவணக்கம்.'

தேவானை இரண்டு தடவை படித்தாள். "இன்னா வாத்தியாரே இது? அவரு உன் கட்சியா?"

"பசங்க எழுதிட்டாங்கம்மா." அவன் புத்தகத் தமிழ் எங்கோ போயிருந்தது. "அவர் எழுதலன்னு நான் சொன்னா, அப்ப யாரு எழுதினதுன்னு கேப்பாங்க."

"கீழ யாரு பேரு போடட்டும்?"

"பேரு வேணாம்மா. இப்ப நேரம் சரியில்ல."

அவள் அடித்தாள். அடிவரை மூன்று தடவை இறக்கிப் பார்த்தாள். யார் பெயரும் இல்லை. நான் ஐந்நூறு அடித்துக் கொடுத்தேன்.

ஆறாம் நாள் மதியம் சவரம் செய்யாத முகத்தோடு ஒருவர் வந்தார். முகச்சாயலைப் பார்த்ததும் தெரிந்தது, பெங்களூர் மகன். பக்கத்தில் வேறு அச்சகம் தெரியவில்லை, பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரத்துக்குப் பத்திரிகை அடிக்க வேண்டும் என்றார். மிச்சமிருந்த போஸ்டர் ஒன்று சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவர் என் அப்பா," என்றார். "பத்து வருஷமா என்னவோ எழுதிண்டு இருந்தார். பேப்பரை நீட்டும்போதெல்லாம் அப்புறம் படிக்கறேன்னு சொல்லிடுவேன். ஆத்துல தேடினேன், ஒரு துண்டு இல்லை. இதை நீங்கதான் அடிச்சிருக்கேள். அவர் எழுதினது ஏதாவது உங்ககிட்ட இருக்கா? என்னதான் நினைச்சார்னு ஒரு தடவை படிக்கணும்."

தேவானையின் மேஜையில் இரண்டாவது இழுப்பறை. பதினாறு பக்கம், கையெழுத்து, மேலே அச்சுப்பிரதி. அவள் கை இழுப்பறையின் பிடிக்குப் போனது, பாதி இழுத்தும்விட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்திருந்தால் எடுத்திருப்பாள், சத்தியமாக எடுத்திருப்பாள்.

"இல்லைங்க சார்," என்றேன் நான். "இந்தப் போஸ்டர் யாரோ கொண்டாந்து குடுத்தது. உங்க அப்பாவ எங்களுக்குத் தெரியாது."

அவர் தலையாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், அதே நாற்காலியில். பத்திரிகைக்கு மாடல் கேட்டார். தேவானை இழுப்பறையை மூடிவிட்டு, பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தாள்.